பூச்சுக்கு அடியில்

சூட்டுப்பெட்டியின் கண்ணாடி வழியாக அக்கா அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். கார் முன்விளக்குதான். பல்பைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் வளையம். அதன்மேல், பல்பின் சூட்டைத் திருப்பி அனுப்புகிற வெள்ளிப் பூச்சு. பூச்சு சரியில்லையென்றால் பிளாஸ்டிக் இளகிக் கோணிவிடும். விளக்கை மூடின பெட்டிக்குள் எரியவிட்டு, பூச்சு தாங்குகிறதா என்று பார்ப்பது அவள் வேலை. பூச்சு அடிப்பது தம்பியின் வேலை. போன வாரம் அடித்துக்கொண்டிருந்தவன் அப்படியே மெஷின் பக்கத்தில் சுருண்டு விழுந்தான். அவன் கடைசியாக அடித்த வளையம் இதுதான்.

அதன் கீழ்ப்பக்கம் ஒரு கொப்புளம் கிளம்பியிருந்தது. கொப்புளம் புதிதல்ல. அடியில் மாட்டிக்கொண்ட ஈரம் சூடு பட்டால் உப்பும். உப்பினது உப்பினபடியே நிற்கும். இது நிற்கவில்லை. மெதுவாக எழுந்தது, அமுங்கியது, சற்றுச் சும்மா கிடந்தது, மறுபடி எழுந்தது. கண் அசதி என்று முகத்தைக் கழுவிவிட்டு வந்தாள். கழுவின கண்ணுக்கும் அது அப்படியேதான் தெரிந்தது.

ஈரம் எப்படி வந்தது என்று அவளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அடிப்பதற்கு முன்னால் தூசியைக் காற்றுக்குழாயால் தட்ட வேண்டும். தம்பி வாயால் ஊதுவான்.

"எச்சி தெறிக்குதுடா, சனியனே. இங்க வந்து கொப்புளமா நிக்குது உன் வண்டவாளம்" என்று எத்தனையோ தடவை திட்டியிருக்கிறாள்.

"ஊதினாத்தான்க்கா எனக்குக் கையே வருது. உன் மாதிரி எல்லாத்தையும் பெட்டியில போட்டு வறுக்கச் சொல்றியா?" என்று இளிப்பான்.

அன்றைக்கும் ஊதியிருக்கிறான், அடித்திருக்கிறான், விழுந்திருக்கிறான். அதற்கப்புறம் ஆஸ்பத்திரியில் மெஷின்தான் அவனுக்காக மூச்சு விடுகிறது. அப்படியென்றால் அவன் சொந்தமாக விட்ட கடைசி மூச்சு... அவள் அதற்கு மேல் நினைக்க மாட்டேன் என்று தலையை உதறினாள். நினைப்பு கேட்கவில்லை.

போன் அதிர்ந்தது. தம்பி பொண்டாட்டி.

"அண்ணி, இப்ப குழாயை எடுத்துப் பாக்கப்போறாங்களாம். தானா மூச்சு விட்டாத்தான் உண்டாம். விடலைன்னா..."

"விடுவான். வாயை மூடு." போனை மறு காதுக்கு மாற்றினாள். "நீ பக்கத்துலயே இரு தாயி. எடுத்ததும் கூப்பிடு."

போனை மேசையில் வைத்தபோது சூப்பர்வைசர் உள்ளே வந்தார். முழு வழுக்கை, ஆனாலும் சட்டைப்பையில் எப்போதும் ஒரு சீப்பு இருக்கும். அதனால் அவர் பெயரே சீப்பு.

"என்னம்மா, பெட்டிக்கு முன்னால தவம் கிடக்குற? அந்தக் கொப்புளத்தைக் கீறி உள்ள என்னன்னு பாக்கணும். மேல இருக்கிறவனுங்க உசுரை வாங்குறானுங்க." கையில் பிளேடு இருந்தது.

"நாளைக்குக் கீறலாம் சார்."

"நாளைக்கு என் மண்டையைத்தான் கீறுவாங்க. திறம்மா."

அவள் பெட்டியைப் பூட்டிச் சாவியைக் கைக்குள் மூடிக்கொண்டாள். "அது என் தம்பி அடிச்சது சார்."

அவர் குரல் இறங்கியது. "தெரியும்மா. நல்ல பையன். ஆனா மத்ததுலயும் ஊதி வெச்சிருந்தான்னா, ஓடுற கார்ல எவனுக்கோ லைட் போயிடும். சாவியைக் குடு."

"தர்றேன். ஒரே ஒரு தடவை நின்னு பாருங்க."

அவர் சலித்துக்கொண்டே குனிந்தார். எழுந்தது. அமுங்கியது. எழுந்தது. அவருடைய கை தானாகச் சீப்பைத் தடவியது.

"லைட் ஆடுதா?"

"இல்ல சார்."

"சூடுதான். அணைச்சா நின்னுடும் பாரு."

"ஐயோ, அணைக்காதீங்க சார்!" என்று அவள் பாய்வதற்குள் சுவிட்சைத் தட்டிவிட்டார்.

பெட்டிக்குள் இருட்டியது. அவர் தன் போன் வெளிச்சத்தைக் கண்ணாடியில் பிடித்தார். சூடு இறங்குவதைக் காட்டுகிற முள் மெல்லச் சரிந்தது. கொப்புளம் கிடந்தது. கிடந்தது. இனி இல்லை என்று அவள் நினைத்தபோது எழுந்தது. அடுத்தது வர இன்னும் நேரமானது. அதற்கடுத்தது இன்னும். சீப்பு பிளேடை ஓசையில்லாமல் மேசையில் வைத்தார். சாவி பதிந்து அவள் உள்ளங்கை வலித்தது.

பிறகு ஒரு தடவை, அதுவரை இல்லாத உயரத்துக்கு எழுந்தது. பூச்சில் மயிரிழை மாதிரி ஒரு கோடு விழுந்தது. கொப்புளம் தட்டையாகிப் படுத்தது. யாரும் தொடவில்லை.

"முடிஞ்சுதா?" என்றார் சீப்பு, யாரோ தூங்குகிற அறையில் பேசுவதுபோல.

மேசையில் போன் அதிரத் தொடங்கியது. அவள் திரும்பவில்லை. விளக்கின் முன்கண்ணாடியில், உட்பக்கத்தில், வாயை வைத்து ஊதின மாதிரி சின்ன வட்டமாக ஆவி படிந்திருந்தது. ஓரத்திலிருந்து மெல்லச் சுருங்கியது. அது முழுக்க மறைவதற்குள், அதன்மேலேயே இன்னொன்று படிந்தது.