ஹோபர்ட்டின் துப்பாக்கியைக் கொடுத்தது யார்

எழுபத்தெட்டு வயது வரை நான் யாரிடமும் தலை குனிந்து நன்றி சொன்னதில்லை. அந்த நிலை போன மார்ச் மாதத்தோடு மாறிவிட்டது. இன்று நான் நன்றி சொல்ல வேண்டியவர்களில், என் தம்பி மகனைச் சிறைக்கு அனுப்பச் சொன்ன அரசு வக்கீலும் ஒருவர்.

கென்டக்கி மலைகளில் எங்கள் ஸ்டைடம் குடும்பம் ஐந்து தலைமுறையாக இருக்கிறது. நான் நிலக்கரிச் சுரங்கத்தில் மேற்பார்வையாளனாக இருந்தவன். தம்பி ஹோபர்ட் தேவாலயத்தில் மூப்பராக இருந்தவன். அவனுடைய மூத்த மகன் கார்லின், மூடிக்கிடந்த ஒரு சுரங்கத்திலிருந்து செப்புக் கம்பி திருடி மாட்டிக்கொண்டான். சுரங்கத்தில் திருடியவன் மேற்பார்வையாளன் வீட்டுப் பிள்ளை! இரண்டு வருடம் சிறை. டெக்சஸில் எண்ணெய்க் குழாய் போடும் வேலைக்குப் போயிருக்கிறான் என்று சொந்தபந்தம் முழுக்கச் சொல்லிவைத்தேன். உண்மை தெரிந்தது ஹோபர்ட்டுக்கும் என் தங்கை நெல்டாவுக்கும் எனக்கும் மட்டும்தான். கார்லின் திரும்பி வந்து கூரை வேய்ந்து பிழைக்க ஆரம்பித்த பிறகும் பொய் அப்படியே நின்றது.

அக்டோபரில் ஹோபர்ட் இறந்தான்.

எங்களிடம் ஒரு வழக்கம். அடக்கம் முடிந்து தேவாலயக் கூடத்தில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு, குடும்பத்தில் மூத்த ஆண், இறந்தவனின் மான் வேட்டைத் துப்பாக்கியை எடுத்து மூத்த மகன் கையில் கொடுக்க வேண்டும். நாற்பது பேர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு காத்திருந்தார்கள். நான் துப்பாக்கியோடு கார்லின் முன்னால் நின்றேன்.

அவன் கையை நீட்டவில்லை. என் காதருகே வந்து முணுமுணுத்தான்.

"பெரியப்பா, வேணாம். நான் இதைத் தொடவே கூடாது. மத்திய அரசு சட்டம். ஜெயிலுக்குப் போனவன் துப்பாக்கி வச்சிருந்தாலே தனிக் கேஸ்."

"நாப்பது பேரு பாக்குறாங்கடா. கையை நீட்டு."

"டேவிகிட்ட குடுங்க. தம்பிதானே, ஒண்ணும் தப்பில்ல."

"மூத்தவன் உயிரோட இருக்கும்போது இளையவன்கிட்டயா? ஏன்னு கேப்பாங்க. நீட்டுடா கையை."

நீட்டினான். எல்லோரும் எழுந்து நின்றார்கள். என் மானம் காப்பாற்றப்பட்டது என்று நினைத்தேன்.

அன்று மாலையே துப்பாக்கியை நெல்டா வீட்டில் வைத்துவிட வண்டியில் கிளம்பியிருக்கிறான். பாலத்தருகே போலீஸ் எல்லா வண்டிகளையும் நிறுத்திச் சோதித்துக்கொண்டிருந்தது. கேட்பதற்கு முன்பே, "பின் சீட்டுல துப்பாக்கி இருக்குங்க, எங்கப்பாவோடது," என்று சொல்லிவிட்டான். பெயரைக் கணினியில் தட்டினார்கள். பழைய தண்டனை வந்தது. கை விலங்கும் வந்தது. இரண்டு வாரத்தில் வழக்கு மத்திய நீதிமன்றத்துக்குப் போய்விட்டது.

கார்லின் குற்றத்தை ஒப்புக்கொண்டான். யார் கொடுத்தார்கள், எங்கே கொண்டுபோனான் என்று கேட்டால் மட்டும் வாய் திறக்கவில்லை. "நானாத்தான் எடுத்தேன்," என்பதற்கு மேல் ஒரு சொல் இல்லை. நான் அவனைச் சிறையில் போய்ப் பார்க்கவும் இல்லை. சொந்தபந்தம் கேட்டால், துப்பாக்கிக் காகிதத்தில் ஏதோ சிக்கல் என்றேன்.

பிப்ரவரியில் அவனுடைய வக்கீல் என்னைக் கூப்பிட்டார். மிஸ் ஹேவர்ஸ், அரசே ஏற்பாடு செய்த வக்கீல், குரலில் தூக்கமின்மை தெரிந்தது.

"மிஸ்டர் ஸ்டைடம், அப்பாவோட வேட்டைத் துப்பாக்கி, குடும்ப வழக்கப்படி கைக்கு வந்துச்சுன்னு நிரூபிச்சா, சட்டத்துல தண்டனையைக் குறைக்க இடம் இருக்கு. ஜெயிலே இல்லாமகூடப் போகலாம். அதைச் சொல்ல ஒரு ஆள் வேணும். இல்லேன்னா ரெண்டு வருஷம் கேக்கப் போறாங்க."

நான் வாய் திறக்கப் போனேன்.

"நிறுத்துங்க. நான் அவருக்கு வக்கீல், உங்களுக்கு இல்ல. தண்டனை பெற்றவன்னு தெரிஞ்சே துப்பாக்கி குடுக்கிறதும் குற்றம்தான். எதையும் சொல்றதுக்கு முன்னால உங்களுக்குன்னு ஒரு வக்கீலைப் பாருங்க."

பார்த்தேன். அந்த மனிதர் ஒரே வரியில் முடித்தார்: "வீட்டுலயே இருங்க, பெரியவரே."

அப்போதுதான் புரிந்தது. அந்தப் பிள்ளை என்னைக் காப்பாற்றத்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறான். நெல்டாவிடம் சொன்னேன். அவள் பாத்திரம் கழுவுவதை நிறுத்தவில்லை.

"இது உனக்கு இப்பத்தான் தெரியுதா? உன் கௌரவத்தை இஸ்திரி போட்டு அலமாரியில மாட்டிக்க, அண்ணே. நீ செத்தா அதையே உடுத்திப் பொதைக்கிறோம். புள்ள உள்ள கெடக்கட்டும்."

மார்ச்சில், தண்டனையைத் தீர்மானிக்கும் விசாரணைக்கு எங்கள் ஆட்கள் இரண்டு வரிசை நிறைய வந்திருந்தார்கள். கார்லின் ஆரஞ்சு உடையில் உட்கார்ந்திருந்தான். நான் சாட்சிக் கூண்டை நோக்கி நடந்ததைப் பார்த்ததும், வேண்டாம் என்று தலையசைத்தான்.

நடந்ததைச் சொன்னேன். அரசு வக்கீல் எழுந்தார். என் கடைசி மகன் வயதுதான் இருக்கும்.

"அவருக்கு ஏற்கெனவே தண்டனை ஆனது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அவர் வேண்டாம்னு சொன்னாரா?"

"ரெண்டு தடவை சொன்னான். நான்தான் வற்புறுத்தினேன்."

நீதிபதி அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். "ஏன் அப்படிச் செஞ்சீங்க?"

"அவன் டெக்சஸ்ல வேலை பாத்தான்னு ஊருக்கெல்லாம் பொய் சொல்லி வச்சிருந்தேங்க, அம்மா. துப்பாக்கியைக் குடுக்காம விட்டா அந்தப் பொய் வெளிய வந்துடும். அவன் திருடினது செப்புக் கம்பி. நான் அவன்கிட்டேர்ந்து அதைவிடப் பெருசைத் திருடிட்டேன்."

பின்வரிசையிலிருந்து என் சித்தப்பா மகன் பர்ல் குரல் கொடுத்தான். "அதான் டெக்சஸ்லேர்ந்து ஒரு வாழ்த்து அட்டைகூட வரல!" காவலர் அவனை முறைத்தார்.

அரசு வக்கீல் தன் காகிதங்களை மூடி வைத்தார். பிறகு, தண்டனைக் குறைப்புக்கு அரசுக்கு ஆட்சேபம் இல்லை என்றார். நீதிபதி மூன்று வருட நன்னடத்தைக் கண்காணிப்பு விதித்தார். முதல் ஆறு மாதம் வீட்டுக் காவல். ஹோபர்ட்டின் துப்பாக்கி அரசோடு போயிற்று. போகட்டும்.

வெளியே தாழ்வாரத்தில் அரசு வக்கீல் என்னை நோக்கி வந்தார். விலங்குக்கு மனதைத் தயார்ப்படுத்திக்கொண்டு நிமிர்ந்து நின்றேன்.

"வீட்டுக்குப் போங்க, மிஸ்டர் ஸ்டைடம். உங்க மேல கேஸ் போடற எண்ணம் எனக்கில்ல," என்றார். நான் தொப்பியைக் கழற்றினேன்.

கார்லின் வந்ததும் சண்டைதான். "யாரு உங்களை வரச் சொன்னது? ரெண்டு வருஷம் கண்ணை மூடித் தொறந்தா முடிஞ்சிருக்கும்."

"போன தடவையும் நீ அப்படித்தானே சொன்னே. உங்கப்பன் அந்த ரெண்டு வருஷத்துல பாதி ஆளா ஆயிட்டான். வண்டியில ஏறு."

வீட்டுக் காவலுக்கு என் வீட்டையே கொடுத்தேன். கண்காணிப்பு அதிகாரி ஓக்லி வந்து அறை அறையாகப் பார்த்தார். அவன் இருக்கும் வீட்டில் ஒரு தோட்டாகூட இருக்கக் கூடாது என்றார். என் சுவரில் ஏழு துப்பாக்கிகள் இருந்தன. இரண்டு என் தாத்தாவுடையவை.

நெல்டா, இருட்டிய பிறகு எடுத்துப் போகலாம் என்றாள். அவளுக்கும் கொஞ்சம் இரக்கம் உண்டு. நான் ஞாயிறு மதியம், தேவாலயம் விட்டு எல்லா வண்டிகளும் எங்கள் சாலையில் வரும் நேரத்தில், ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போய் பர்ல் வண்டியில் வைத்தேன். வேகத்தைக் குறைத்துப் பார்த்தவர்களுக்குக் கையசைத்தேன். கார்லின் ஜன்னலுக்குப் பின்னால் நின்றான். உதவ அவனுக்கு அனுமதி இல்லை.

"ஏண்ணே, ராத்திரி கரடி வந்தா என்ன பண்ணுவே?" என்றான் பர்ல்.

"உள்ள ஒருத்தன் இருக்கான். அஞ்சு மாசம் போலீஸ்காரனுக்கே வாய் தொறக்காதவன். கரடி அலுத்துப்போய்த் திரும்பிடும்."

பர்ல் சிரித்தான். ஜன்னலுக்குப் பின்னாலும் சிரிப்புச் சத்தம் கேட்டது. ஹோபர்ட்டை அடக்கம் செய்த பிறகு அந்தப் பிள்ளை சிரித்து நான் கேட்டது அன்றுதான். கடவுளே, நன்றி என்று வாய்விட்டே சொன்னேன்.