கூர் மழுங்காத பென்சில்

காலை பத்து மணிக்குள் அறுபத்து மூன்று பேர் வாக்களித்துவிட்டார்கள். ஆனால் சிவப்புத் திரைக்குப் பின்னால் கயிற்றில் கட்டியிருந்த பென்சிலின் கூர், சீவியது சீவியபடியே இருந்தது.

சாவடித் தலைவி மஸ்தூரா பதிவேட்டை மறுபடி எண்ணிப் பார்த்தார். அவர் இயற்பியல் ஆசிரியை. சுதந்திரக் குடியரசுக்கு வயது நான்கு மாதம். ஜனாதிபதித் தேர்தல் சீட்டில் முதன்முறையாக இரண்டு பெயர்கள். வேண்டாதவர் பெயரைக் கோடு போட்டு அடிக்க வேண்டும். இரண்டையும் விட்டுவைத்தால் சீட்டு செல்லாது. பாதிக்கு மேல் செல்லாமல் போனால் அவரை மலை உச்சிப் பள்ளிக்கு மாற்றப்போவதாக மாவட்ட அலுவலகம் தொலைபேசியில் அன்போடு சொல்லியிருந்தது.

டிராக்டர் ஓட்டும் நூர்மத் சீட்டை நாலாக மடித்துக்கொண்டு நேரே பெட்டிக்கு நடந்தார்.

"அண்ணே, திரைக்குள்ள போய் ஒரு பேர அடிச்சுட்டு வாங்க."

"நான் என்ன டீச்சர் தப்பு பண்ணேன்?"

"தப்பு இல்லண்ணே, சட்டம்."

"போன தேர்தல்ல என் மச்சான் உள்ள போனான். மூக்கு சிந்தத்தான் போனான். லாரி ஓட்டிட்டு இருந்தவன், இன்னிக்கும் கழுதை வண்டிதான் ஓட்டுறான்."

விஷயம் அதுதான். பழைய ஆட்சியில் சீட்டில் ஒரே பெயர். அதை அடிக்க நினைப்பவனுக்கு மட்டுமே பென்சில் தேவை. ஆகவே திரைக்குள் நுழைந்தாலே போதும், சங்கதி வெளியே தெரிந்துவிடும், யாராவது பெயரைக் குறித்துக்கொள்வார்கள்.

முன்மாதிரியாக மஸ்தூராவே உள்ளே போனார்.

"நல்ல டீச்சர், பாவம்" என்றது ஒரு குரல்.

"ரெண்டு புள்ளைங்க வேற" என்றது இன்னொன்று.

வெளியே வந்தவர் கூட்டத்தைக் கவனித்தார். வாக்களித்தவர்கள் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. பக்கத்து அறையில் மொய்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே இனோபத், தேர்தலன்று மட்டும் ஊருக்கு வரும் ஆரஞ்சுகளை விற்றுக்கொண்டிருந்தாள்.

"இனோபத் அக்கா, ஓட்டுப் போட்டுட்டு இங்க வராம யாராவது போறாங்களா?"

"வராமலா? செத்தவங்ககூட எழுந்து வருவாங்க டீச்சர், ஆரஞ்சு!"

மஸ்தூரா சிவப்புத் திரையின் இரண்டு துணிகளையும் கழற்றி அந்த அறையின் வாசலில் முன்னொன்றும் பின்னொன்றுமாக மாட்டினார். நடுவில் மேசையும் பென்சிலும். பெட்டியைத் தூக்கி ஆரஞ்சுக் கூடைக்கு அருகே வைத்தார். அறையின் பின்கதவை வெளியே போக மட்டும் திறந்தார்.

நூர்மத் சீட்டோடு தயங்கி நின்றார். "ஆரஞ்சுக்குத்தான் போறேன். அப்படியே எழுதிக்குங்க டீச்சர்."

வாசலைத் தாண்ட இரண்டு எட்டு போதும். அவர் உள்ளே முழுதாக ஒரு நிமிடம் இருந்தார்.

எல்லாரும் அந்த வழியாகவே போனதால், யார் எதற்குப் போனார் என்று குறித்துக்கொள்ள எதுவுமில்லை. நண்பகலுக்குள் பென்சிலை இரண்டு முறை சீவ வேண்டியிருந்தது.