மேட்டுக்கு ஏறிய தண்ணீர்

"ஏன் பிரதர், உங்க நீலசந்திரா பக்கம் தண்ணி மேட்டுக்கு ஏறுமா?"

ஜோசபின் டீச்சர் இப்படிக் கேட்டதும் ரிச்சர்ட்ஸ் டவுனில் இருந்த அந்த ஹால் முழுக்கக் கொல்லென்று சிரித்தது. நீலசந்திராவில் குடியிருந்த பச்சைமுத்துவும் சிரித்து வைத்தான். வேறென்ன செய்வான்? ஸ்டாண்டில் இருந்தது அவன் எடுத்த படம். அந்தச் சங்கத்தில் ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். படம் ஸ்டாண்டில் இருக்கும்வரை எடுத்தவன் வாயைத் திறக்கக் கூடாது. மற்றவர்கள் ஆற அமர மென்று துப்பி முடித்ததும் எழுந்து நின்று நன்றி சொல்லலாம். என்ன சட்டமோ, எந்தப் புண்ணியவான் போட்டதோ!

அது ஐம்பத்தெட்டாம் வருஷத்து ஆடி மாதம், முதல் ஞாயிறு. மாதம் ஒருமுறை கூடும் அந்தப் புகைப்படச் சங்கத்தில் ரயில்வே ஆபீசர், பாங்க் ஆபீசர், வக்கீல் என்று எல்லாரும் பெரிய மனிதர்கள். பச்சைமுத்து மட்டும் கண்டோன்மென்டில் ஒரு ஸ்டுடியோவின் இருட்டறையில் ஃபிலிம் கழுவுகிறவன். ஊரைவிட்டுப் போன வெள்ளைக்காரன் ஒருவன் அந்த ஸ்டுடியோவில் ஒரு மரக் கேமராவைப் போட்டுவிட்டுப் போயிருந்தான். ஒரு தடவைக்கு ஒரே ஒரு ஃபிலிம்தான் போடலாம். அந்த ஃபிலிமே பள்ளிக்கூட சிலேட்டு அளவு இருக்கும். தூக்கினால் தோள்பட்டை கழன்றுவிடும். யாரும் தொடாத அந்தப் பிசாசை முதலாளி இவன் தலையில் கட்டினார். இவனோ அதைச் சைக்கிளில் வைத்துக் கட்டிக்கொண்டு ஏரி, பாறை, தோப்பு என்று சுற்றினான். அந்தப் படங்களில் தூரத்து மரத்தின் இலையைக்கூட எண்ணிவிடலாம். அதற்காகத்தான் இவனைச் சங்கத்தில் சேர்த்துக்கொண்டார்கள்.

ஸ்டாண்டில் இருந்த படத்தில் முன்னால் ஏரி, எதிர்க்கரையில் கூரை ஓடு சுடும் ஃபாக்டரி. அதன் புகைபோக்கி நூறடி உயரம். சிம்னி என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். சிம்னியின் காலடியில் தொழிலாளர்களுக்கு ஃபாக்டரி கொடுத்த லைன் வீடுகள் பன்னிரண்டு. எட்டாவது வீடு எல்லம்மாவுடையது. எல்லம்மா பச்சைமுத்துவின் அக்கா. அம்மா போன பிறகு இவனைச் சோறு போட்டு ஆளாக்கியவள். புருஷனையும் பறிகொடுத்துவிட்டு, இரண்டு பிள்ளைகளோடு அந்த ஃபாக்டரியில் ஓடு காயவைக்கும் வேலை பார்த்து வந்தாள்.

இந்தப் படத்தை முதன்முதலில் வைகாசிக் கூட்டத்தில் காட்டினான். சங்கத்தில் தீர்ப்புச் சொல்கிறவர் சுப்பராயன், சர்வே இலாகாவிலிருந்து ரிட்டயர் ஆனவர். பாக்கெட்டில் ஸ்கேல் இல்லாமல் வாசற்படி தாண்ட மாட்டார். படத்தின் மேல் ஸ்கேலை வைத்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"ரெண்டு தப்பு. ஒண்ணு, எவளோ வீட்டு முன்னாடி புடவை காயப் போட்டிருக்கா. இவ்ளோ நல்ல ஏரி, நடுவுல அழுக்குத் துணியா? ரெண்டு, சிம்னி சாய்ஞ்சு நிக்குது. ஒரு நெல் அகலம். கேமராவ மட்டமா வெக்கத் தெரியாதவங்க எதுக்கு இவ்ளோ பெரிய கேமராவத் தூக்கிட்டு அலையணும்?"

அந்தப் புடவை அக்காவுடையது. பச்சைமுத்துவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. கேமராவின் தலையில் ஒரு சின்ன ரசமட்டம் பதித்திருந்தது, கொத்தனார்கள் சுவர்மேல் வைத்துப் பார்ப்பார்களே அதுபோல. அதில் குமிழி நட்டநடுவில் நின்ற பிறகுதான் படம் எடுத்தான். அது அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. ஆனால் சுப்பராயன் சொன்ன பிறகு அப்பீல் ஏது? எழுந்தான், "நன்றி சார்" என்றான், உட்கார்ந்தான். வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள், தப்பு தன்னுடையதுதான் என்று நம்பியும் விட்டான். எனக்கு வயிற்றெரிச்சலே அதுதான்.

புதிதாக ஒரு பிரிண்ட் போட்டான். புடவையை மை தொட்டு மறைத்தான். சிம்னி நேராக நிற்கிற மாதிரி தாளின் நாலு ஓரத்தையும் கொஞ்சம் சாய்த்து வெட்டினான். ஆனி மாதக் கூட்டத்தில் அதற்கு வெள்ளிக் கோப்பை! சங்கத்துச் செயலாளர் ஞானசேகரன் பின்பக்கம் முத்திரை குத்தி, ஒரு காப்பியை ஃபாக்டரி முதலாளிக்கு அன்பளிப்பாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். ஹாலை வாடகை இல்லாமல் விட்டிருந்தவர் அந்த முதலாளிதான் ஆயிற்றே. பச்சைமுத்து கோப்பையைத் தூக்கிக்கொண்டு அக்காவிடம் ஓடினான். புடவைக் கதையையும் சொன்னான்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "என் பொடவ ஒனக்குக் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துச்சா? அடுத்த தபா சொல்லுடா, மொதல்லயே எடுத்துடறேன்."

அந்தக் கோப்பைப் படம்தான் மெட்ராஸ் கண்காட்சிக்குப் பார்சல் ஆகும் முன், ஆடிக் கூட்டத்தில் கடைசியாக ஒருமுறை ஸ்டாண்டில் ஏறியிருந்தது. ஜோசபின் டீச்சர் பள்ளிக்கூடத்தில் டிராயிங் சொல்லிக்கொடுக்கிறவர். சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்து, பிறகு விரலால் காட்டினார்.

"சிம்னி நேரா இருக்கு, சரி. தண்ணியப் பாருங்க. இந்தக் கோடியவிட அந்தக் கோடி உசரம். தண்ணி எங்கயாவது சாய்ஞ்சு நிக்குமா?"

மறுபடி சிரித்தார்கள். பச்சைமுத்துவின் சிரிப்பு மட்டும் பாதியில் நின்றது. வெட்டாத பழைய பிரிண்டில் தண்ணீர் மட்டமாகத்தான் இருந்தது. தண்ணீர் மட்டம் என்றால் அன்றைக்குக் கேமராவும் மட்டம். அப்படியானால் சாய்ந்திருப்பது எது?

அவன் எழுந்துவிட்டான். "சார், கேமரா சாயல சார். சிம்னிதான் சாய்ஞ்சிருக்குது. வூடுங்க பக்கமா. கீழ எங்கக்கா இருக்குறாங்க சார்."

சட்டத்தை மீறிவிட்டானே! சுப்பராயன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஏரிக்கரை பூரா சேறு. கேமரா ஸ்டாண்டு கால் ஒண்ணு எறங்கியிருக்கும். உன் தப்புக்குக் கட்டடத்து மேல பழி போடாதே. முப்பது வருஷம் இந்த ஊரை அளந்தவன் நான்."

"இல்ல சார், தண்ணி..."

"ஒக்காருங்க தம்பி," என்று ஞானசேகரன் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "மொதலாளி காதுல விழுந்தா நமக்கு ஹால் இல்ல."

அவனுக்கு உட்காரத் தோன்றவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்கு விரட்டினான். ஒரு நூலில் கல்லைக் கட்டி, கையை நீட்டிப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தான். நூல் நேராகத் தொங்கியது. சிம்னி நூலோடு சேர்ந்து நிற்காமல், உச்சியில் வலது பக்கம் விலகியிருந்தது. வலது பக்கம்தான் லைன் வீடுகள்.

அக்கா வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். துடைப்பத்தில் சிவப்பாகச் செங்கல் தூள். "தெனமும் பெருக்குறேன், தெனமும் கொட்டுது," என்றாள்.

"அக்கா, பசங்கள இட்டுகினு என் வூட்டுக்கு வந்துடு. இப்பவே கெளம்பு. சிம்னி சாயுது."

அவள் துடைப்பத்தைக் கீழே வைத்தாள். "எங்களுக்குத் தெரியாதா முத்து? பத்து நாள் முன்னாடி பன்னெண்டு வூட்டுக்காரங்களும் போயி மேனேஜர் கிட்ட கேட்டோம். அவரு சொவத்துல மாட்டியிருந்த படத்தக் காட்டுனாரு. 'எப்பிடி நிக்குதுன்னு பாருங்க, வெள்ளிக் கப்பு வாங்குன படம் பொய் சொல்லுமா?'ன்னாரு. பாத்தா ஒன் படம். என் தம்பி எடுத்ததுன்னு நான்தான்டா பெருமையா எல்லார் கிட்டயும் சொன்னேன். அதோட வாய மூடினு திரும்பிட்டாங்க."

பன்னிரண்டு வீட்டின் வாயையும் அடைத்தது படத்தைச் சாய்த்து வெட்டிய தன் கத்திதான் என்று புரிந்தபோது, அவமானத்தில் பச்சைமுத்துவால் அக்காவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் காலை வெட்டாத பிரிண்டை எடுத்துக்கொண்டு மேனேஜர் ஜெயராமன் முன்னால் போய் நின்றான். அவர் சுவரில் இருந்த படத்தைக் கழற்றி, இரண்டையும் மேஜைமேல் வைத்துப் பார்த்தார்.

"இதுல முத்திரை இருக்கு. நீ கொண்டாந்ததுல இல்ல. எது நிஜம்?"

"முத்திரை இருக்குறது நான் சாய்ச்சு வெட்டுனது சார். அது பொய்."

"அப்ப நீ பொய்க்காரன். நீயே ஒத்துக்கிற. உன் பேச்சைக் கேட்டு சூளைய நிறுத்தச் சொல்றியா?" ஜெயராமன் படத்தைத் திரும்ப ஆணியில் மாட்டினார். "லைன்ல எந்த வீடு காலியாகுதோ அங்க அன்னைக்கே என் பூட்டு விழும். வேலையும் கெடையாது. வேணும்னா புதுசா ஒரு படம் எடு. உங்க சுப்பராயன் சார் கையெழுத்து போடட்டும். அப்புறம் பாக்கலாம்."

மனுஷனா அவன்! அண்ணாந்து ஒருமுறை பார்த்தால் போதும், வாசல் தாண்டினால் சிம்னி தெரியும். படத்தைத்தான் பார்ப்பாராம்.

பச்சைமுத்து ஜோசபின் டீச்சர் வீட்டுக்கு ஓடினான். "நீங்க எடுத்துட்டு வாங்க பிரதர். சுப்பராயன் சார் கையெழுத்துக்கு நான் பொறுப்பு," என்றார் டீச்சர். அந்த ஒரு வார்த்தையில்தான் அவனுக்கு மூச்சு வந்தது. ஆனால் வானம் விடவில்லை. அன்று பிடித்த மழை சனிக்கிழமை வரை ஊற்றித் தள்ளியது. கேமராவைத் திறக்கவே வழியில்லை. பிள்ளைகள் இரண்டையும் கொண்டுவந்து தன் மனைவி பாமாவிடம் விட்டான். அக்கா மட்டும் அசைந்து கொடுக்கவில்லை.

"வூடு போனா வேலயும் போச்சு. அப்புறம் அதுங்களுக்கு இன்னாத்தப் போடுவேன்? நீ படத்த எடுடா. எடுத்த அன்னைக்கே வந்துடறேன்."

ஞாயிறு காலை வெயில் அடித்தது. ஆடிக் கூழ் ஊற்ற லைன் மொத்தமும் மாரியம்மன் கோவிலுக்குப் போயிருந்தது. எல்லம்மா போகவில்லை. தம்பியோடு இந்தக் கரைக்கு வந்து, ஸ்டாண்டின் கால்கள் சேற்றில் இறங்காமல் இருக்கத் தட்டைக் கற்களைப் பொறுக்கிக் கொடுத்தாள்.

"இங்கேர்ந்து நவுராதக்கா."

"எங்கடா போறேன், போ."

மூன்று காலையும் கல்மேல் நிறுத்தினான். குமிழி நடுவுக்கு வந்தது. கைக்கு எட்டிய திருகையெல்லாம் மூன்று முறை முடுக்கினான். இந்தத் தடவை எவன் குறை சொல்கிறான் பார்த்துவிடலாம் என்று கறுப்புத் துணிக்குள் தலையை விட்டான். துணிக்குள் போய்விட்டால் அவனுக்கு உலகம் மறந்துவிடும். பாழாய்ப்போன பழக்கம். வெளியே அக்கா என்னவோ சொன்னாள், "தோ, வந்துடறேன்" என்று கடைசியில் கேட்டது. "ம்" என்றான்.

அந்தக் கேமராவின் பின்கண்ணாடியில் எல்லாமே தலைகீழாகத்தான் விழும். மேலே தண்ணீர், அதற்குக் கீழே லைன் வீடுகள், அங்கிருந்து கீழ்நோக்கித் தொங்கும் சிம்னி. பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்து, செங்கல் செங்கலாகத் தெளிவு பார்த்தான். கால் மணி ஆகியிருக்கும். பிறகு வீடுகளுக்கு நகர்ந்தான். ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு எட்டாவது வீட்டுக்கு வந்தான். வாசல் கொடியில் ஒரு மஞ்சள் புடவை காய்ந்தது. அதை இழுத்துச் சுருட்டிக்கொண்டு ஒரு உருவம் தலைகீழாக நின்றது. சுருட்டியதை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஏரியின் இந்தப் பக்கம் பார்த்துக் கையை ஆட்டியது. 'எடுத்துட்டேன், இனிமே எடுடா' என்பதுபோல் ஆட்டியது.

யாரென்று அவனுக்குப் புரிந்த அதே நேரத்தில், கண்ணாடியில் சிம்னியின் நுனி அசைந்தது. சத்தமே இல்லாமல், மெதுவாக, அது மேலே எழும்பி வீடுகளின் பக்கம் போயிற்று.

கால் சேற்றில் இறங்கிவிட்டது, கேமரா சாய்கிறது, என் தப்புதான். அவனுக்கு முதலில் தோன்றியது அதுதான். அவன் கண் ரசமட்டத்துக்குப் போயிற்று.

குமிழி நடுவிலேயே நின்றது.