ஒன்பதாம் பக்கத்து வயல்

"ஒன்பதாம் பக்கத்தை எடுத்துடுங்க ஃபிளோரா" என்றார் துறைத்தலைவர் பரணிதரன். சாம்பாரில் விழுந்த ஈயை எடுக்கச் சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

ஃபிளோரா எடுப்பதாக இல்லை. ஒரத்தநாட்டுப் பக்கத்து வேளாண் கல்லூரி ஒன்றில் பதினோரு வருடமாக மண்ணியல் சொல்லிக்கொடுப்பவள் அவள். உப்பேறிய வயலிலும் நெல் பிழைக்க ஒரு நுண்ணுயிர்க் கரைசலை உருவாக்கியிருந்தாள். பல ஊர்களில் சோதிக்க மத்திய அரசின் ஆராய்ச்சி நிதி வேண்டும். வயது வரம்பு நாற்பத்திரண்டு. அவளுக்கு அது இந்த வருடத்தோடு முடிகிறது. இந்த விண்ணப்பம் தவறினால் கரைசல் குப்பிக்குள்ளேயே கிடந்து சாகவேண்டியதுதான்.

அந்த விண்ணப்பத்தின் ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது ஒரு தோல்வி. முத்துப்பேட்டை அருகே கடல்நீர் ஏறிய நிலத்தில் குத்தகைக்குப் பயிர் செய்யும் பெண்மணி அமிர்தம். அவருடைய இரண்டு வயல்களில்தான் முன்னோட்டச் சோதனை. வரப்புக்கு இந்தப் பக்கம் கரைசல் ஊற்ற வேண்டும். அந்தப் பக்கம், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, ஒன்றும் ஊற்றாமல் விட வேண்டும். சம்பா அறுவடையில் பார்த்தால் இரண்டிலும் ஒரே அளவு நல்ல விளைச்சல். சுற்றுவட்டாரத்தில் மற்றவர்கள் வயலெல்லாம் பாதிக்குமேல் பதராகிக் கிடந்தது.

அமிர்தமே ஒப்புக்கொண்டார். "நாந்தான் மேடம் அதுக்கும் ஊத்துனேன். பந்தியில ஒரு புள்ளைக்குச் சோத்தப் போட்டுட்டு, பக்கத்துப் புள்ளைய வேடிக்க பாருன்னா மனசு கேக்குமா? மிச்சம் இருந்தத ஊத்திட்டேன். நீங்க சொன்ன அளவுல பாதிதான் தேறுச்சு."

ஒரு வருட உழைப்பு பாழ் என்று ஃபிளோரா அன்று வரப்பில் நின்று கத்தித் தீர்த்தாள். திரும்பும்போது, பஸ் பட்டுக்கோட்டையைத் தாண்டிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. பாதி அளவிலேயே அதே விளைச்சல்! ஒரு வயலை வைத்து அடித்துச் சொல்ல முடியாதுதான். ஆனால் இத்தனை படித்தும் தனக்குக் கேட்கத் தோன்றாத கேள்வியை அந்த அம்மாள் வயலில் இறங்கிக் கேட்டிருக்கிறார். கத்தியதை நினைத்து அவளுக்கு வெட்கமாக இருந்தது. நடந்ததை நடந்தபடியே ஒன்பதாம் பக்கத்தில் எழுதினாள்.

"பணம் கேக்குற இடத்துல யாராவது தோத்த கதைய எழுதுவாங்களா?" என்றார் பரணிதரன். "ரெண்டாவது வயலே இல்லைன்னு விட்டுடுங்க. அக்கம்பக்கத்து வயலோட ஒப்பிட்டு நல்லா வந்துச்சுன்னு எழுதுங்க. யார் வந்து பாக்கப்போறாங்க?"

"நான் பாத்துட்டேனே சார்."

"அப்ப இணை ஆய்வாளர் இடத்துலேர்ந்து என் பேர எடுத்துடுங்க. இது தேறாது."

"சரிங்க சார்" என்றாள். அவர் கொஞ்சம் கெஞ்சலை எதிர்பார்த்திருக்கலாம். அவளோ அறைக்குத் திரும்பிய கையோடு அவர் பெயரை அழித்தாள். அமிர்தத்துக்கு போன் போட்டுச் சம்மதம் கேட்டு, காலியான இடத்தில் அவர் பெயரை அடித்தாள். கல்வித் தகுதி: எட்டாம் வகுப்பு. அனுபவம்: முப்பத்தொரு வருடம். கல்லூரி முதல்வர் முகத்தைச் சுளித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

சென்னையில் நேர்காணல். நீள மேசைக்குப் பின்னால் ஐந்து பேர். குழுத் தலைவர் நேராக ஒன்பதாம் பக்கத்துக்கே வந்தார்.

"ஒப்பீட்டு வயல் கெட்டுப்போச்சுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. கெடுத்தவங்களையே இணை ஆய்வாளராவும் போட்டிருக்கீங்க. என்னம்மா இது?"

"அவங்க கெடுக்கல சார். என் சோதனைதான் தப்பு. பக்கத்துல மருந்து இருக்கையில பயிர் காயுறதப் பாத்துக்கிட்டு எந்த விவசாயியும் நிக்க மாட்டாங்க. அது தெரியாமத் திட்டம் போட்டது நான். இந்தத் தடவை எந்த வயலையும் சும்மா விடல. எல்லாத்துக்கும் கரைசல் உண்டு, அளவுதான் மாறும்."

"நல்லது. ஆனா அந்தப் பேர மட்டும் எடுத்துடுங்க. எங்களுக்கும் சிக்கல் இருக்காது."

தலையாட்டினால் பணம் வந்துவிடும் என்று ஃபிளோராவுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அவளுக்குக் கோபம்தான் வந்தது.

"எடுக்க மாட்டேன் சார். பாதி போதும்னு காட்டுனது அவங்க. பேர எடுத்தா அது நான் கண்டுபிடிச்சதா ஆயிடும். அது பொய்."

ஓரத்தில் இருந்த பெண் உறுப்பினர் அந்தப் பக்கத்தை மறுபடி படித்தார். "பாதி போதும்னா, கால் பங்கு போதுமா?" என்று கேட்டார்.

"அதக் கண்டுபிடிக்கத்தான் மேடம், நாங்க ரெண்டு பேரும் பணம் கேக்குறோம்."

தலைவர் பேனாவைத் திறந்தார். "எவ்வளவு காலம் வேணும்?"

"மூணு சம்பா சார்" என்றாள் ஃபிளோரா.