உயிரோடு இருப்பவர்களுக்கு இடமில்லை

என் கணவர் ஃபிர்மின் செத்துப்போன எழுத்தாளர்களைப் பற்றி மட்டும்தான் எழுதுவார். பட்டுத் தெளிந்த புத்தி அது. அவருடைய ஃபிளெமிஷ் மொழி இலக்கிய வரலாற்றின் முதல் பதிப்பில் உயிரோடு இருந்தவர்களையும் சேர்த்திருந்தார். எங்கள் டெய்ன்சே மாதிரிச் சின்ன ஊரில் எழுத்தாளன் என்று ஒருவன் இருந்தால் அவன் கட்டாயம் யாருக்காவது மைத்துனனாக இருப்பான். எங்கள் கசாப்புக் கடைக்காரரின் மைத்துனனுக்கு அதில் இரண்டு வரிதான் கிடைத்தது. அந்த வருஷம் முழுக்க எங்கள் வீட்டுக்கு எலும்பும் கொழுப்புமாகத்தான் வந்தது. அதற்குப் பிறகு, சாகக் கிடப்பவனுக்குப் பாதிரியார் வந்து எண்ணெய் பூசிவிட்டுப் போனால்தான் இவர் பேனாவைத் திறப்பார்.

ஊரும் அதற்குப் பழகிவிட்டது. ஆகவே நுரையீரல் காய்ச்சலில் படுத்த ஓடீல், "என்னைப் பத்தி எழுதிட்டியாடா? இருந்தா எடுத்துட்டு வந்து படி" என்று ஆள் அனுப்பியபோது, அவன் பிழைக்கமாட்டான் என்று அவனே முடிவுகட்டிவிட்டதாக எல்லோருக்கும் புரிந்தது.

ஓடீல் இவருக்கு இருந்த ஒரே நண்பன். நாவல் நாவலாக எழுதித் தள்ளியவன். அவன் மனைவி செலினா ஊரார் துணிக்கெல்லாம் இஸ்திரி போட்டு வீட்டை நடத்தினாள். அவன் மாடியில் உட்கார்ந்து எழுதினான். பாதிரியார் வந்துபோன அன்றே அவனைப் பற்றி இவர் எழுதி வைத்துவிட்டார். தட்டச்சு செய்தவள் நான்தான். கால் பக்கம். "வயலைத் தெரிந்த அளவுக்கு மனிதரைத் தெரியாதவர். நிலைக்கும்படி எதையும் எழுதவில்லை" என்று முடியும்.

நானும் கூடப் போனேன். ஓடீலின் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. செலினா வெந்நீர்ப் பாத்திரத்தோடு வாசற்படியில் நின்றாள். இவர் தாளை எடுத்தார், கண்ணாடியைப் போட்டார், படித்தார். அதில் இல்லாததையெல்லாம் படித்தார். லெயி ஆற்றங்கரையின் குரல் என்றார். நம் தலைமுறையில் நிலைக்கப்போவது ஓடீல் ஒருவரே என்றார். நேர்மை தவிர வேறு சொத்தில்லாத மனிதர், வருஷக்கணக்காகப் பொய் சொல்லிப் பழகியவர் போல் சரளமாகப் பொய் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. சாகப்போகிறவனுக்குத்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

ஆனால் ஓடீல் சாகவில்லை.

வசந்தம் வந்ததும் எழுந்து நடமாடினான். மணிக்கூண்டுக்கு எதிரே உள்ள மதுக்கடையில் உட்கார்ந்து, ஒரு கிளாஸ் பியர் உள்ளே போனதும் அந்தப் புகழுரையை வரி பிசகாமல் ஒப்பிப்பான். "டாக்டர் ஃபிர்மின் எழுதியிருக்கான்" என்று, இவர் இலக்கியத்தில் வாங்கிய பட்டத்தையும் சேர்த்து முடிப்பான். மேயர் கேட்டார், பள்ளி ஆசிரியர்கள் கேட்டார்கள். கசாப்புக் கடைக்காரர்கூட ஒரு நாள், "அந்தப் புத்தகம் எப்பங்க வருது?" என்றார்.

புத்தகம் எங்கே வரும்? இவர் கொண்டுவரும் கடைசிப் பதிப்பு அது. எழுபது தாண்டிவிட்டது, கண்ணும் மங்கிவிட்டது. ஓடீலைத் தவிர மற்றதெல்லாம் தயார். உண்மையை அச்சடித்தால் நண்பன் போனான். பொய்யை அச்சடித்தால் ஆயுள் முழுக்க எழுதியதற்கு அர்த்தமில்லை. உயிரோடு இருக்கிறான் என்று விட்டுவிட்டால், இனி எந்தக் காலத்திலும் அவனுக்கு இடம் கிடையாது. பதிப்பாளர் கேட்கும்போதெல்லாம் "கொஞ்சம் பொறுங்க" என்பதே இவருடைய பதிலாக இருந்தது.

எதற்குப் பொறுக்கிறார் என்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு விளங்கியது. ஞாயிறு பிற்பகல் நாங்கள் நால்வரும் எங்கள் வீட்டில் சீட்டாடுவோம். ஓடீல் இருமினான். இவர் சட்டென்று தலை நிமிர்ந்தார். மறுபடியும் இருமினான், மறுபடியும் நிமிர்ந்தார். அவர்கள் போன பிறகு கேட்டேன்.

"அவர் இருமினா நீங்க ஏங்க அப்படிப் பாக்குறீங்க?"

சீட்டுகளை அடுக்கிக் கட்டினார். பிறகு, "அவன் எப்ப சாவான்னு காத்துக்கிட்டிருக்கேன், இர்மா. என் சிநேகிதன் சாவுக்கு நான் காத்துக்கிட்டிருக்கேன்" என்றார். அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு ஓடீல் மட்டும் முதலில் வந்தான். செலினா கோவிலில் பிரார்த்தனையை முடித்துக்கொண்டு வருவாள் என்றான். இவர் அந்தக் கால் பக்கத் தாளை அவன் முன்னால் வைத்தார். ஓடீல் படித்தான். திரும்பவும் படித்தான்.

"இதுதானே அன்னைக்கு உன் கையில இருந்துச்சு?"

"உனக்குத் தெரியுமா?"

"நுரையீரல்லதான்டா காய்ச்சல், கண்ணு நல்லாத்தான் இருந்துச்சு. கால் பக்கத்தை வச்சுக்கிட்டு எவனாவது அவ்வளவு நேரம் படிப்பானா?"

"அப்புறம் எதுக்குடா ஊர் பூரா ஒப்பிச்சுக்கிட்டுத் திரியிற?"

ஓடீல் தாளை மடித்தான். "அன்னைக்கு அவ வாசல்ல நின்னா, பாத்தியா? அவளுக்குப் புத்தகம் படிக்க வராது. நீ சொன்னா அது அவளுக்கு வேதம். நீங்க போனப்புறம் என் பக்கத்துல வந்து உக்காந்தா. 'இத்தனை வருஷம் இஸ்திரிப் பெட்டி தூக்கினது வீண் போகலை'ன்னா. அவ்வளவுதான் சொன்னா. அதுக்கப்புறம் நான் என்ன பண்ண முடியும்? ஊர்ல நாலு பேரு வாயால அவ காதுல விழட்டும்னு சொல்லிக்கிட்டே இருக்கேன்."

நான் கையிலிருந்த காப்பிக் கெட்டிலை மேசையில் வைத்தேன்.

"நீ எழுதினது சரிதான்டா," என்றான் ஓடீல். "எனக்கே தெரியும். அதையே போடு. நான் செத்தாலும் சாகாட்டியும் போடு. ஆனா அவ இருக்குற வரைக்கும் வேணாம். அவ கண்ணை மூடட்டும், அப்புறம் உன் இஷ்டம்."

இவர் கையை நீட்டி அவன் தோளைத் தொட்டார். வாக்குக் கொடுத்துவிட்டார் என்று அதற்கு அர்த்தம். எனக்கு மனசு லேசாயிற்று. இனி எங்கள் வீட்டில் யாரும் யாருடைய சாவுக்கும் காத்திருக்க வேண்டாம் என்றுதான் அந்த நிமிஷம் நினைத்தேன்.

வெளியே சைக்கிள் வந்து நின்றது. ஓடீல் தாளைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டான். செலினா மழையில் நனைந்து, கன்னமெல்லாம் சிவந்து உள்ளே வந்தாள். அந்த எதிர்காற்றில் கோவிலிலிருந்து மிதித்து வந்திருக்கிறாள், மூச்சுகூட வாங்கவில்லை. மேல்கோட்டைக் கழற்றி உதறினாள்.

இவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "உடம்பெல்லாம் எப்படி இருக்கு, செலினா?" என்று கேட்டார்.

கேட்ட பிறகுதான் அவருக்கே அது உறைத்தது. அவர் முகம் வெளுத்துப்போயிற்று. ஓடீல் சீட்டுக்கட்டைக் கையில் எடுத்தான், கலைக்கவில்லை.

செலினாவுக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியா இர்மா, இத்தனை வருஷத்துல டாக்டர் இன்னைக்குத்தான் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்காரு" என்றாள். நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். "எனக்கு என்ன குறைச்சல்? கல்லு மாதிரி இருக்கேன். எங்கம்மா தொண்ணூத்தாறு வயசு வரைக்கும் இருந்தாங்க. சீட்டைப் போடுங்க."