வடிகட்டிய குளம்

"இல்ல மாமா, குளத்துத் தண்ணி இவ்வளவு சுத்தமா இருக்கவே முடியாது."

"சுத்தமா இருந்தாலும் குத்தமா? நல்லா இருக்கு உங்க ஆபீஸ் நியாயம்."

தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் அவள், கையில் அறிக்கையோடு காலையிலேயே அக்கா வீட்டில் வந்து இறங்கியிருந்தாள். அக்காவின் பண்ணையில் இரண்டு பன்றிகள் அடுத்தடுத்து செத்த குட்டிகளை ஈன்றிருந்தன. இன்னும் சினையாக நிற்பது ஒன்றே ஒன்று. அதுவும் போனால் பண்ணையை இழுத்து மூட வேண்டியதுதான் என்று அக்கா சோறு தண்ணி இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்துத் தோட்டக்காரர்தான் பன்றிகள் குடிக்கும் குளத்தில் பூச்சிமருந்தைக் கலந்துவிட்டார் என்பது அக்காவின் கட்சி.

தங்கையின் சந்தேகம் வேறு பக்கம் ஓடியது. போன வாரம் பரிசோதனைக்குப் புட்டியை நிரப்பிக் கொண்டுவந்து கொடுத்தவர் அக்கா புருஷனான மாமா. மழைக்கு மறுநாள் பிடித்த குளத்துத் தண்ணீரில் பேருக்குக்கூடக் கலங்கல் இல்லை.

பேச்சுக் கொடுத்தபடியே குளத்துப் பக்கம் நடந்தாள். மாமா பின்னாலேயே வந்தார்.

கரைமேல் தார்ப்பாய் போர்த்திய மக்காச்சோளக் குவியல். வியாழக்கிழமை வியாபாரி பார்த்து வாங்க வரும் சரக்கு. பாயின் ஓரத்தைத் தூக்கினாள். கதிர்களில் இளஞ்சிவப்புப் பூஞ்சை பஞ்சுபோல் அப்பியிருந்தது. அடியிலிருந்து முந்தின ராத்திரி மழைத்தண்ணீர் கோடாகக் கசிந்து குளத்தில் இறங்கியது.

பன்றிக்கு இதைப் போட்டீர்களா என்று கேட்டாள். ஒரு கதிர்கூடப் போடவில்லை என்றார். போடவே வேண்டாம், பூஞ்சையின் விஷம் மழையில் கரைந்து இறங்கிய குளத்துத் தண்ணீரைக் குடித்தாலே சினைப் பன்றிக்கு ஆகாது என்று அவள் சொன்னதும் அவர் முகம் சுருங்கியது.

"புட்டியில என்ன தண்ணி புடிச்சீங்க மாமா?"

காலால் மண்ணைக் கிளறினார். "குளத்துத் தண்ணிதான். ஒரே சேறு. உன் ஆபீஸ் நாலு பேர் பாக்குற இடம், உனக்கு அசிங்கமா இருக்கக் கூடாதேன்னு நம்ம அடுப்படி ஃபில்டர்ல விட்டுப் புடிச்சேன்."

அது கரி போட்ட ஃபில்டர். சேற்றோடு விஷத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். சிரிப்பு வரவேண்டிய இடம்தான், அவளுக்கு வரவில்லை. தன் கையாலேயே புதுப் புட்டியை நிரப்பிக்கொண்டு கிளம்பினாள்.

மூன்றாம் நாள் முடிவு வந்தது. விஷம் இருந்தது. குவியலைக் கரையிலிருந்து அள்ளியாக வேண்டும், பன்றிக்குக் குளத்துத் தண்ணீர் வேண்டாம் என்று அக்காவுக்குப் போன் போட்டாள்.

"குளத்துத் தண்ணி எங்கடி?" என்றாள் அக்கா. "உன் மாமா பதினஞ்சு நாளா சினைப் பன்னிக்கு ஃபில்டர் தண்ணியத்தானே வாளி வாளியா சுமக்குறாரு. கேட்டா, குளத்து வழி வழுக்குதுங்குறாரு."

பதினைந்து நாள். புட்டி பிடித்து பத்து நாள்தான் ஆகிறது; அதற்கு முன்பே பன்றிக்குக் குளத்துத் தண்ணீரை நிறுத்தியிருக்கிறார்.

மாமா வடிகட்டியது மச்சினியின் மானத்துக்காகவா, வியாழக்கிழமை வியாபாரிக்காகவா? சொல்லுங்கள், உங்களுக்கு என்ன தோன்றுகிறது?