ஒன்பது எந்தப் பையில்

1963ஆம் ஆண்டு ஜூன் மாதம் பதினேழாம் தேதி, திங்கட்கிழமை, கிள்ளைக்குக் கிழக்கே உள்ள ஒரு மீனவர் குப்பத்தில், முகத்துவாரத்தில் வலை கட்டும் உரிமை மாவுச் சாக்கில் தைத்த இரண்டு பைகளைக் கொண்டு தீர்மானிக்கப்பட்டது.

பைகள் பள்ளிக்கூடத்துடையவை. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இடமதிப்பு விளங்குவதற்காக, மதிய உணவு மாவு வந்த சாக்கைக் கத்தரித்து சவரியம்மாள் டீச்சர் தைத்தவை. இடப்பக்கப் பை பத்துகளுக்கு, வலப்பக்கப் பை ஒன்றுகளுக்கு. ஒன்று முதல் ஒன்பது வரை எழுதிய அட்டைகளைக் குலுக்கிப் போட்டு ஆளுக்கு இரண்டு எடுப்பார்கள். முதல் அட்டையை ஏதாவது ஒரு பையில் வைத்த பிறகுதான் அடுத்ததைத் தொடலாம். வைத்ததை மாற்றக்கூடாது. பெரிய எண் வந்தவர் ஜெயித்தவர்.

அதுவரை பானையில் ஓலை போட்டுத்தான் எடுத்துக்கொண்டிருந்தார்கள். போன வருஷம் ஓர் ஓலையில் மட்டும் கருவாட்டு நாற்றம் அடித்தது, அடையாளம் வைத்துவிட்டார்கள் என்று ஒருவன் சொல்ல, குப்பத்தில் எதில்தான் அடிக்கவில்லை என்று இன்னொருவன் கேட்க, இரண்டு துடுப்பு உடைந்தது. குப்பத்துத் தலைவரான நாட்டார் நடனசபாபதி பள்ளிக்கூடத்து விளையாட்டைக் கேட்டு வந்தது அதனால்தான். டீச்சர் கடலூர்க்காரி, குப்பத்தில் யாருக்கும் உறவில்லை. ஆனாலும் அவர் ஒரு நிபந்தனை போட்டார்: விதியைச் சொல்லிக் கொடுப்பதோடு சரி, எண்ணை வாசிப்பது வகுப்புப் பிள்ளை ஒன்றுதான்.

போட்டி பக்கிரிக்கும் அவன் பெண்டாட்டியின் அண்ணன் கலியபெருமாளுக்கும். தண்ணீர் வடியும்போது உப்பங்கழியின் இறால் அத்தனையும் முகத்துவாரம் வழியாகத்தான் வெளியே போகவேண்டும். பக்கிரி இரண்டு வருஷமாக அந்த உரிமை கிடைக்காமல் கழியின் வளைவில் வலை கட்டி நண்டு பொறுக்கிக்கொண்டிருந்தான். அவன் படகில் மரத்தைவிடத் தார் அதிகம். இந்த வருஷமும் போனால் படகும் போகும். வாசிக்க, இரண்டாம் வகுப்பில் படிக்கும் அவன் மகள் குப்புவையே நிறுத்தினார்கள். ஒருவனுக்கு மகள், மற்றவனுக்கு மருமகள். அதைவிட நியாயம் கிடைக்காது என்றார் நாட்டார்.

டீச்சர், "இது பத்து, இது ஒண்ணு" என்று இரண்டு தடவை சொன்னார். சுகாதார அதிகாரி கொசுவைப் பற்றிப் பேசும்போது தலையாட்டுவதுபோல எல்லோரும் தலையாட்டினார்கள். பக்கிரி மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே ஆட்டினான். எழுத்து தெரியாதே தவிர இலக்கம் தெரியும். சீட்டாட்டத்தில் புள்ளி கூட்டுவதில் அவனை மிஞ்ச அந்தக் கரையில் ஆளில்லை.

முதல் அட்டையை எடுத்தான். ஒன்பது. கூட்டத்தில் சத்தம் கிளம்பியது. அதைவிடப் பெரிய அட்டை கிடையாது என்பது எல்லோருக்கும் தெரியும். குப்பு வாயைத் திறந்து மூடினாள். பக்கிரி ஒன்பதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். வந்த லட்சுமியை இடது பக்கம் உட்காரவைக்க யாருக்காவது மனசு வருமா? வலப்பக்கப் பையில் வைத்தான். அடுத்தது மூன்று. மிச்சமிருந்த பையில் போட்டான். ஆகமொத்தம் பன்னிரண்டு.

கலியபெருமாள் இடதுகைக்காரன். நான்கு வந்தது. கை போன வாக்கில் இடப்பக்கப் பையில் செருகினான்.

"சாமி காரியம் மாதிரி நடக்குது, நொட்டாங்கையிலயா மச்சான்?" என்றான் பக்கிரி. கூட்டம் சிரித்தது. கலியபெருமாளின் இரண்டாவது அட்டை ஒன்று. சிரிப்பு இன்னும் பெரிதாயிற்று. நான்கும் ஒன்றும் ஐந்து. பக்கிரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

"வாசிம்மா" என்றார் நாட்டார்.

குப்பு டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பாவுது முப்பத்தொம்போது. மாமாவுது நாப்பத்தொண்ணு."

"கூட்டிப் பாருடி! பன்னண்டு பெருசா, அஞ்சு பெருசா?"

"கூட்டக் கூடாதுப்பா. அந்தப் பையில இருந்தா மூணு இல்ல, முப்பது. நாலு இல்ல, நாப்பது."

"பை மாறுனா மூணு முப்பதாவுமா? அப்ப நான் எடம் மாறி ஒக்காந்தா கலெக்டராடி?"

"கலெக்டர் எடத்துல ஒக்காந்தா கலெக்டர்தான்டா" என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள்.

"பொண்ணு மாமன் பக்கம் பேசுது. அவங்க அம்மா வளப்பு" என்றான் பக்கிரி. பெண்கள் கூட்டத்திலிருந்து அவன் பெண்டாட்டி வேலம்மாள், "வளத்தது நான். படகுக்குத் தார் வாங்கித் தந்ததும் எங்கண்ணன்தான். அதையும் கூட்டிக்க" என்றாள்.

கலியபெருமாளோ, சின்ன வயதிலிருந்து, சாப்பிட உட்கார்ந்தால் அடி வாங்கிக்கொடுத்த தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். முகத்துவாரம் அவனுக்கு என்று நாட்டார் சொன்னார்.

குப்புவோடு வீட்டுக்குப் போகும் வழியில் பக்கிரி விரல்விட்டு எண்ணியபடி நடந்தான். பிறகு கேட்டான்:

"ஒம்போத நொட்டாங்கை பக்கம் வச்சிருந்தா?"

"தொண்ணூத்து மூணுப்பா."

"அதே ரெண்டு அட்டைக்கா?"

"அதே ரெண்டுக்குத்தான்."

பக்கிரி நின்றுவிட்டான். "அப்ப சங்கதியே நொட்டாங்கை பக்கந்தான் இருக்கு. இத மொதல்லயே சொல்றதுக்கு என்ன?"

குப்பு ஏதோ சொல்லப்போனாள். அவன் அதற்குள் நடக்கத் தொடங்கிவிட்டான்.

அந்த மழைக்காலத்தில் பக்கிரியின் படகு போயிற்று. கலியபெருமாளின் படகில் பாதிப் பங்குக்கு ஏறினான்.

1964ஆம் ஆண்டு ஜூன் மாதம் மறுபடி பைகளைக் கட்டினார்கள். இந்தத் தடவை அந்தப் படகுக்காகப் பக்கிரி இடது கையால் முதல் அட்டையை எடுத்தான். புரட்டிக்கூடப் பார்க்காமல் இடப்பக்கப் பையில் வைத்துவிட்டு மச்சானைப் பார்த்துச் சிரித்தான்.

அது ஒன்று.